கலங்கல் நீரில் காலா

வைகை கடலைச் சேராத ஆறு என்று கேட்டே வளர்ந்தோம். மதுரை தல்லாகுளத்துக்காரர்களுக்கு அதை நம்புவது எளிது. கோரிப்பாளையம் தாண்டிப் பாலத்தில் நின்று பார்த்தால் வருடத்தின் பெரும்பகுதி மணல், நாணல், ஆகாயத்தாமரை, நடுவே கறுத்த ஓர் ஓடை. இது எங்கே போய்க் கடலைப் பார்க்கப்போகிறது என்றுதான் தோன்றும்.

பார்க்கிறது. வருசநாட்டு மலையில் தொடங்கி 258 கிலோமீட்டர் வந்து, மானாமதுரையையும் பரமக்குடியையும் கடந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து, அதற்கு மேலும் தண்ணீர் இருக்கிற ஆண்டுகளில் கிழக்கே நகர்ந்து, ஆற்றங்கரை என்கிற கிராமத்தில் பாக் விரிகுடாவைத் தொடுகிறது. பாம்பன், மண்டபம் பக்கத்தில் அதை வடகடல் என்பார்கள். ராமேசுவரம் தீவுக்குத் தெற்கே கிடக்கும் மன்னார் வளைகுடா அவர்களுக்குத் தென்கடல்.

எங்கள் ஆறு முடிகிற கடலில் ஒரு நாள் படகில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தூண்டில் அதற்கு ஒரு சாக்கு.

*

வடகடலுக்கு வாடைக்காற்று ஆகாது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வடக்கே இருந்து நேராக வந்து அடிக்கும். ஆழமில்லாத கடல், சராசரியாகப் பத்து மீட்டர்கூட வராது. அதனால் சீக்கிரம் கொந்தளித்துவிடும். அந்த மாதங்களில் படகுகள் பலவும் தென்கடலுக்கு மாறிக்கொள்ளும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் எல்லாம் தலைகீழ். தென்கடல் சீறும், வடகடல் படுத்துக் கிடக்கும்.

வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முன்னால் ஓர் இடைவெளி வருகிறது. மாசியின் பின்பாதி. நான் போனது அப்போது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர். வழி நெடுக ஆறு ஒருபக்கம் கூடவே வந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத் தென்படாத இடங்களிலும்.

படகு, ஆற்றங்கரையில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணனுடையது. அறுபதைக் கடந்தவர். என்னைத் தம்பி என்பார். அவர் வீட்டம்மா எனக்கு மதினி. அண்ணனுடைய அப்பா காலத்தில் பாய் கட்டிய வத்தை ஓட்டினார்கள். இப்போது ஃபைபர் படகு, பின்னால் என்ஜின். வத்தையை விற்கவில்லை. வீட்டின் பின்பக்கம் பனை நிழலில் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதன் அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்தேன். பல வருடத்து மீன் எண்ணெய் ஊறி வழுவழுப்பாக இருந்தது. சுரண்டிப் பார்த்த நகத்தில் அந்த வாசனை அன்று முழுக்க நின்றது.

*

வெள்ளி முளைக்கும் நேரத்தில் இறங்கினோம். வடகடலில் ஓர் ஏற்பாடு உண்டு. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. எங்களுடையது நாட்டுப்படகு நாள். அதனால் தொலைவில்கூட உறுமல் இல்லை. பனைக்குளம் பக்கமிருந்து பாங்கொலி தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரத்தில் அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு நீண்ட கம்பை எடுத்தார். கம்பு தரையில் குத்தும், அவர் அழுத்துவார், படகு ஓர் ஆள் நீளம் நகரும். குத்து, அழுத்தல், நகர்வு. அந்தத் தாளம் பிடிபட்ட பிறகு என் மூச்சு தானாக அதனோடு சேர்ந்துகொண்டது. நகரத்தில் இதற்காகக் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், வாய்த்ததில்லை. இங்கே கண்ணைத் திறந்தபடி, ஒன்றும் செய்யாமல் வாய்த்தது.

கரையிலிருந்து அவ்வளவு தூரம் வந்தும் கம்பு தரையைத் தொடுகிறது. கடல் என்றால் அடி காணாதது என்ற எண்ணத்தோடு வருகிற மதுரைக்காரனுக்கு இது பெரிய ஆறுதல். காலுக்குக் கீழே தரை இருக்கிறது.

அண்ணன் கம்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். ஒட்டியிருந்த சேற்றை விரலில் எடுத்துத் தேய்த்தார்.

“இது ஆத்து மண்ணு தம்பி. கடல் மண்ணு நெருநெருன்னு இருக்கும். இது வழியும். இங்கன போடுவோம்.”

நானும் தேய்த்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் மாவாக வழிந்தது. கார்த்திகையில் மழை பெய்து ஆறு ஓடிய வருடம் அது. இந்தச் சேறு எங்கள் பாலத்துக்கு அடியில் நகர்ந்து வந்திருக்கிறது. இதில் ஒரு பங்கு முல்லைப் பெரியாற்றிலிருந்து கிளம்பிய தண்ணீரோடு வந்ததாகவும் இருக்கலாம். 1895-லிருந்து அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகைக்கு வருகிறது. அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய மழை, இங்கே இந்த விரல் நுனியில்.

*

காலா மீனுக்குத் தெளிந்த தண்ணீர் பிடிக்காது. சேறும் மணலும் கலந்த அடி, கலங்கிய ஓரம், ஆற்று முகத்துவாரம், இவைதான் அதன் இடம். இறாலும் சிறு மடவையும் அங்கேதான் கிடைக்கும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை இந்திய சால்மன் என்று விற்கிறார்கள். காலாவுக்கும் உண்மையான சால்மனுக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை. வெள்ளி உடம்பையும் தடித்த சதையையும் பார்த்து, ஊரை நினைத்து ஏங்கிய ஏதோ ஒரு வெள்ளைக்காரர் வைத்த பெயராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

நரம்பு, ஈயம், முள், உயிர் இறால். அவ்வளவுதான். கட்டையில் சுற்றிய நரம்பை விட்டுக்கொண்டே போய், ஈயம் தரையில் தட்டியதும் ஒரு முழம் மேலே இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இருப்பதுதான் வேலை.

முதலில் விரல் பொய் சொல்கிறது. நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், நரம்பை இழுக்கிறது, மீன் என்கிறது. அலை படகைத் தூக்குகிறது, மீன் என்கிறது. நண்டு இறாலைக் கிள்ளுகிறது, அதையும் மீன் என்கிறது. வெயில் ஏற ஏற விரல் அமைதியாகிறது. நீவாடு நீவாடாகவும் அலை அலையாகவும் தெரியத் தொடங்குகின்றன. அண்ணன் பேசவே இல்லை. அவர் நரம்பைப் பார்க்கவும் இல்லை. கரைப் பக்கம், வடக்கே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

காலா கடித்தபோது சந்தேகமே வரவில்லை. விரலிலிருந்து நரம்பு பறந்தது. ஒரே இழுப்பு, நேர்கோட்டில். “விடுங்க, விடுங்க, ஓடட்டும்” என்றார் அண்ணன். ஓடியது. நின்றது. இழுத்தேன். மறுபடி ஓடியது. படகின் ஓரத்துக்கு வந்தபோது பழுப்புத் தண்ணீருக்குள் ஒரு பளிச்சென்ற திரும்பல், அவ்வளவுதான் தெரிந்தது. அண்ணன் செவுளில் கைகொடுத்துத் தூக்கினார்.

அதை மடியில் வைத்துப் பார்த்த மாதிரி எந்த மீனையும் நான் பார்த்ததில்லை. முகத்தின் முன்பகுதி கண்ணாடி போலக் கொஞ்சம் ஒளி விடுகிறது. வாய் மூக்குக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணின் மேல் தெளிந்த கொழுப்புப் படலம் ஒன்று முழுக்கப் போர்த்தியிருக்கிறது. பக்கத் துடுப்புக்குக் கீழே, ஒவ்வொரு பக்கமும் நான்கு இழைகள். துடுப்பிலிருந்து பிரிந்து தனியாகத் தொங்கும் மெல்லிய நூல்கள். விரலில் ஏந்தினால் எடையே இல்லை.

அந்த நூல்களால்தான் அது கலங்கலில் வாழ்கிறது. கண் உதவாத நீரில், தரையைத் தடவிக்கொண்டே போய் இறாலைக் கண்டுகொள்கிறது. இன்னொன்றும் உண்டு: காலா முதலில் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். ஆகவே வலையில் வருகிற பெரிய மீன்கள் பெரும்பாலும் தாய்கள். அண்ணனுக்குப் புத்தகத்தில் படிக்காமலே அது தெரியும். “பெரிசெல்லாம் சினைதான் தம்பி, ஆணு பெரிசா வராது” என்றார்.

நூல்கள் சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தன. என் ஆள்காட்டி விரலில் நரம்பு அறுத்த சிவப்புக் கோடு. மீனும் நானும் ஒரே தரையை, ஒரே நேரத்தில், தொட்டுத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

*

தங்கை மகன் வான்கூவரில் இருக்கிறான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையோரத்தில் நண்பர்களோடு சால்மன் பிடிக்கப் போனதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கறுத்த ஆழமான நீர், தேவதாரு மலைகள், மேகம் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அங்கே மீன்பிடிக்க உரிமச் சீட்டு வேண்டும், சால்மனுக்குப் போடும் முள்ளில் எதிர்க்கொக்கி இருக்கக் கூடாது, காயம் குறைவாகப் பட வேண்டும் என்பதற்காக. அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது.

சால்மன் ஆற்றின் கூழாங்கல்லுக்குள் பிறக்கிறது. கடலுக்குப் போய் வளர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வந்து முட்டையிடுகிறது. பசிபிக் சால்மன்கள் அதோடு இறந்துபோகின்றன. அந்த உடல்களைக் கரடிகள் காட்டுக்குள் இழுத்துப் போகின்றன. கடலில் சேர்ந்த சத்து கரையோர மரங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

நம் பக்கத்தில் பயணம் எதிர்த்திசையில். கண்மாயிலும் ஆற்றிலும் வளர்கிற விலாங்கு, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. மடவை கடலில் முட்டையிடுகிறது. விரல் நீளக் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து உப்பங்கழியில் வளர்கின்றன. கொடுவாவும் அப்படித்தான். காலாக் குஞ்சும் உள்ளே தலைகாட்டும். பெரிய காலா, வாசலில் நின்று போகிற வருகிற சின்னதுகளைப் பிடித்துத் தின்கிறது. எந்த ஊரானாலும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

*

மீனை நம்பிக் குளிர்நாட்டுக்குப் போன தமிழர் என் தங்கை மகனுக்கு முன்பே உண்டு. வடகடலின் அக்கரை யாழ்ப்பாணம். குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-ல் நார்வேக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த மீன்பிடித் தொழிலைக் கற்று, நார்வே நண்பர்களின் உதவியோடு சீநோர் என்ற அமைப்பைக் காரைநகரில் உண்டாக்கினார். படகும் வலையும் செய்தார்கள். 1980-களில் போர் துரத்தியபோது, அந்தப் பழைய தடத்தின் வழியே போன தமிழர்கள் நார்வேயின் வடகோடியில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வெதுவெதுப்பான வடகடலைப் பார்த்து வளர்ந்தவர்கள், மாதக்கணக்கில் சூரியன் எட்டிப் பார்க்காத ஊரில் நின்று மீன் அறுத்தார்கள். ஒழிந்த நேரத்தில் அங்கேயும் தூண்டில் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

*

நண்பகலுக்கு முன் அண்ணன் படகை முகத்துவாரத்துக்குத் திருப்பினார். பெரிய எதிர்பார்ப்போடு போனேன். குறுக்கே ஒரு மணல் திட்டு. உட்பக்கம் பச்சை நிறத்தில் தேங்கிய நீர், வெளிப்பக்கம் கடல். நடுவில் நான்கு எட்டு அகலத்தில் ஒரு தாழ்வு, ஈரமாக. கார்த்திகையில் உடைந்து ஓடியது, மாசிக்குள் கடல் மணலைத் தள்ளி மூடிவிட்டது.

திட்டில் இறங்கி நடந்தேன். உட்பக்க நீரின் ஓரத்தில் மடவைக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக மணலை ஒட்டி நின்றன. காலடி விழுந்ததும் சிதறி, சற்றுத் தள்ளிச் சேர்ந்தன. வெளியே போகிற பக்கமாகவே மறுபடி மறுபடி திரும்பி நின்றன. இதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிடவில்லை.

இந்தத் திட்டிலிருந்து சிறிது தூரத்தில் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலிருந்து பலமுறை தோண்டிய இடம். ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் காசுகளும் கிடைத்தன. ஒரு பானை ஓட்டில் கப்பல் உருவம் கீறியிருந்தது, பாய்மரத்தோடு. மதுரையின் கடல்வாசலாக இருந்த ஊர். கப்பல் வந்து நின்றது என்றால் அன்றைக்கு ஆறு இந்த மணலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது. கீழடியில் மக்கள் நெசவு செய்துகொண்டிருந்த நாட்களில் இந்த முகத்தின் வழியே ஆட்கள் போய் வந்திருப்பார்கள். அந்த ஓட்டில் கப்பலைக் கீறியவர் கரையில் உட்கார்ந்துதான் கீறியிருக்க வேண்டும், கப்பலிலிருந்து பார்த்தால் முழு உருவம் தெரியாது.

*

தண்ணீர் எல்லா இடத்திலும் கலங்கியிருந்தாலும் ஆகாது. முகத்துவாரத்தை விட்டு விலகிப் போகப் போக வடகடல் தெளிகிறது. வெயில் அடிவரை இறங்குகிறது. அங்கே கடல்தாழை புல்வெளியாக வளர்கிறது. ஓரா அதில் மேயும். ஆவுளியாவும் மேயும். கடல்பசு என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே உயிர். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அண்ணன் சின்ன வயதில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். “மூக்கை மட்டும் நீட்டுச்சு. மனுசன் மூச்சு விட்ட மாரி சத்தம்.” அதற்கு மேல் சொல்லவில்லை.

*

மதினி குழம்பு வைத்தார். தேங்காய் அரைக்காமல், புளியும் மல்லியும் தூக்கலாக. காலாவில் சிறுமுள் தொல்லை இல்லை; சதை தட்டுத் தட்டாக விலகும். மதுரை நெல்பேட்டையில் வாங்கி வீட்டில் சமைக்கிற காலா பனிக்கட்டியில் படுத்து வந்தது. அதுவும் நல்ல மீன்தான். இதில் சேற்றின் மணம் ஒரு துளி இருந்தது. குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மழைக்கால வைகையின் மணம்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்திருந்தபோது அண்ணன் கேட்டார்: “டேம்ல எத்தனை அடி கெடக்கு தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. மதுரையில் தினமும் பேப்பரில் வருகிற செய்தி, நான் தாண்டிப் போகிற கட்டம். அவர் அதைத்தான் முதலில் படிக்கிறவர். காற்று, நீவாடு, பிறை, அணை நீர்மட்டம் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் அவர் வருடத்தை எண்ணுகிறார்.

*

வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டம் அதை நம்பியிருக்கிறது. என் வீட்டுக் குழாயில் வருவதும் அதுதான். சித்திரையில் அழகர் தல்லாகுளம் வந்து எதிர்சேவை கண்டு ஆற்றில் இறங்கும்போது திறப்பதும் அதுதான். அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2014-க்குள் இடித்துவிட்டார்கள். கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024-க்குள் போயின, அதே ஆண்டு சால்மன் மேலே ஏறிவிட்டது. அதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நாம் குடிக்கிறோம், நெல் குடிக்கிறது.

ஆனால் கணக்கு எழுதும்போது முகத்துவாரத்துக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். பங்கீட்டுப் பேச்சில் பாசனம் வரும், குடிநீர் வரும், பெரிய கண்மாய் வரும். கடலுக்குப் போனது வீண் என்ற சொல்லும் கூடவே வரும். கடலுக்குப் போனதுதான் அந்தச் சேறு. அது இல்லாமல் கலங்கல் இல்லை, இறால் இல்லை, நூல் நீட்டித் தடவும் அந்த மீன் இல்லை, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் 61 நாளிலும் கரையோரத்தில் தூண்டில் போட்டுப் பிழைக்கிற அண்ணனின் வீட்டில் குழம்பு இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டில், மணல் திட்டு உடைகிற அளவுக்காவது ஒரு வீச்சுத் தண்ணீர் தெரிந்தே விடப்பட வேண்டும். மிஞ்சியதாக அல்ல, உரியதாக.

*

இப்போது காலையில் பேப்பர் வந்ததும் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறேன். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள், 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. எங்களுக்கு அது ஆற்றில் இறங்காதே என்கிற அறிவிப்பு.

அடுத்த மழைக்காலத்தில் 66 என்று அச்சானதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் காற்று இரைந்தது. வாடை பிடித்துவிட்டிருந்தது.

“அறுபத்தாறு அண்ணே. மொத எச்சரிக்கை விட்டுட்டாங்க.”

“சரி, சரி. பெரிய கம்மா பாதிக்கு மேல கெடக்கு. மூணாவது விட்டா ஒடனே சொல்லுங்க தம்பி. நண்டு வலை உள்ள கெடக்கு, அத எடுக்கணும். மொகம் ஒடைஞ்சா குஞ்சு ஏறும்.”

வலையை எடுக்க எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். அணையிலிருந்து விட்ட தண்ணீர் பரமக்குடி தாண்ட எவ்வளவு நேரம், பெரிய கண்மாய் மறுகால் போக எவ்வளவு, அங்கிருந்து ஆற்றங்கரைக்கு எவ்வளவு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.